நிற்காத இருமல், எழுதப்படாத பெயர்: குழந்தைக்கு ஆஸ்துமா என்று எப்படி உறுதி செய்கிறார்கள்?

2025 அக்டோபர் 1 அன்று தமிழ்நாடு அரசு கோல்ட்ரிஃப் என்ற இருமல் சிரப்பின் விற்பனையைத் தடை செய்தது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அந்த மருந்தைக் குடித்த குழந்தைகள், மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் சிறுநீரகம் செயலிழந்து ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். இறந்தவர்களின் எண்ணிக்கை 20-ஐத் தாண்டியது. தமிழ்நாடு மருந்து கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வில், மருந்தில் இருக்கவே கூடாத டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 விழுக்காடு கலந்திருந்தது தெரியவந்தது. அடுத்து, 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைத் தரக் கூடாது, 5 வயதுக்குட்பட்டவர்களுக்கும் பொதுவாக அவை பரிந்துரைக்கத் தக்கவை அல்ல என்று மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது.

சிரப் பாட்டில்களைத் தூக்கி எறிந்த வீடுகளில் அப்போது எழுந்த கேள்வி இன்னும் தீரவில்லை: ஆறு வாரமாக இருமும் குழந்தைக்கு வேறு என்னதான் தருவது? இருமல் ஒரு நோயின் பெயர் இல்லை. உள்ளே இருக்கும் ஏதோ ஒன்றின் அறிகுறி. அது எது என்று தெரியாமல் எந்த மருந்தைத் தந்தாலும் குருட்டு வேலைதான். நாள்பட்ட இருமலுக்குப் பின்னால் இருக்கக்கூடிய காரணங்களில் பெற்றோர் மிகவும் அஞ்சுவதும், மருத்துவர்கள் பல நேரம் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவதும் ஆஸ்துமா. அதை உறுதி செய்யும் முறையைப் பெற்றோர் புரிந்துகொண்டால், அலைச்சலில் பாதி குறையும்.

எத்தனை நாள் இருமினால் கவலைப்பட வேண்டும்?

சாதாரணச் சளிக் காய்ச்சலோடு வரும் இருமல் மூன்று நாளில் போய்விடும் என்று எதிர்பார்க்கிறோம். உண்மையில் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது முழுமையாக அடங்க ஏறத்தாழ 25 நாட்கள் ஆகின்றன. அதனால்தான் குழந்தைகள் விஷயத்தில் 4 வாரத்தை எல்லைக்கோடாக வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டி தினமும் இருமினால் அது நாள்பட்ட இருமல். காரணத்தைத் தேட வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மழலையர் பள்ளிக்குப் போகத் தொடங்கிய குழந்தைக்கு ஆண்டுக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது இயல்பு. ஒன்று முடிவதற்குள் அடுத்தது தொற்றிக்கொண்டால், இரண்டு மாதமாக ஓயாமல் இருமுவதுபோலத் தோன்றும். எனவே மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, "நடுவில் இருமலே இல்லாத நாட்கள் இருந்தனவா?" என்பதாகத்தான் இருக்க வேண்டும். ஒரு வாரமாவது சுத்தமாக இருமல் இல்லாமல் இருந்திருந்தால், இவை தனித்தனிச் சளிகளாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஆஸ்துமாவில் உள்ளே என்ன நடக்கிறது?

மூச்சுக்குழாய்களின் உட்சுவர் நாள்பட்ட அழற்சியால் எளிதில் சீண்டப்படும் நிலைக்கு வந்துவிடுகிறது. அதன்மீது தூசு, புகை, குளிர்காற்று, வைரஸ் கிருமி என ஏதாவது படும்போது மூன்று காரியங்கள் நடக்கின்றன. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உட்சுவர் வீங்குகிறது, கெட்டியான சளி ஊறுகிறது. மூன்றும் சேர்ந்து குழாயின் உள்வழியைக் குறுக்குகின்றன.

குறுகல் கொஞ்சமாகவே இருந்தாலும் விளைவு பெரிது. ஒரு குழாயின் ஆரம் பாதியானால், அதன் வழியே காற்றைத் தள்ளத் தேவையான முயற்சி இரண்டு மடங்காவதோடு நிற்பதில்லை, 16 மடங்காகிறது. குழந்தையின் மூச்சுக்குழாய் இயல்பிலேயே சிறியது. பெரியவருக்கு ஒன்றும் செய்யாத வீக்கம் மூன்று வயதுக் குழந்தையைத் திணறடிப்பது இதனால்தான்.

இந்தக் குறுகல் நிரந்தரமானது இல்லை. வரும், தானாகவோ மருந்தாலோ விலகும், மறுபடி வரும். மாலையில் ஓடியாடிய குழந்தை விடியற்காலை 3 மணிக்கு எழுந்து உட்கார்ந்து இருமும். காலை 10 மணிக்கு மருத்துவரிடம் போகும்போது நெஞ்சில் ஒரு சத்தமும் இருக்காது. இந்த ஏற்ற இறக்கத்தை நிரூபிப்பதுதான் ஆஸ்துமாவை உறுதி செய்வது. ஒரே ஒரு முறை பார்த்து முடிவு சொல்ல முடியாமல் போவதற்கும் அதுவே காரணம்.

"வீசிங்" என்று எதைச் சொல்கிறோம்?

தமிழ்நாட்டில் குழந்தைநல மருத்துவமனைகளின் காத்திருப்பு அறைகளில் அதிகம் புழங்கும் சொல் இதுவாகத்தான் இருக்கும். அதே அளவுக்குத் தவறாகப் புழங்கும் சொல்லும் இதுவே. குழந்தையின் மூச்சில் கேட்கும் எல்லாச் சத்தத்தையும் வீசிங் என்று சொல்லிவிடுகிறோம். மருத்துவத்தில் அது ஒரே ஒரு சத்தத்தைத்தான் குறிக்கும்: மூச்சை வெளியே விடும்போது, நெஞ்சுக்குள்ளிருந்து வரும், விசிலடிப்பதுபோன்ற மெல்லிய இழுப்பு.

மற்ற சத்தங்கள் வேறு. தொண்டையில் சளி தேங்கிக் "கொரகொர" என்று கேட்பது வீசிங் ஆகாது. குழந்தையின் முதுகில் கை வைத்தால் அந்த அதிர்வு உள்ளங்கையில் தெரியும். மூக்கடைப்பால் வரும் உறிஞ்சலும் வீசிங் இல்லை. மூச்சை உள்ளே இழுக்கும்போது கரகரப்பாகக் கேட்கும் சத்தம் குரல்வளைப் பகுதியிலிருந்து வருவது. அது அவசரமான வேறு நோயாகவும் இருக்கலாம்.

"வீசிங் வருகிறது டாக்டர்" என்று பெற்றோர் சொல்வதை மட்டும் வைத்து ஆஸ்துமா என்று எழுதினால் தவறாகிவிடும். பெற்றோரும் மருத்துவரும் ஒரே சொல்லில் இரண்டு வேறு சத்தங்களைப் பேசிக்கொண்டிருக்கலாம். இதற்கு எளிய தீர்வு கைபேசியில் இருக்கிறது. இரவில் சத்தம் கேட்கும்போது குழந்தையின் சட்டையைக் கழற்றி, முகமும் நெஞ்சும் வயிறும் தெரியும்படி ஒரு நிமிடம் வீடியோ எடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு எடுத்தால் சத்தம் தெளிவாகப் பதியும். பல ஆயிரம் ரூபாய் செலவாகும் அலர்ஜி ரத்தப் பரிசோதனையைவிட அந்த ஒரு நிமிடம் மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

இருமல் மட்டும் இருந்தால்?

ஆஸ்துமாவில் இருமல் உண்டு. ஆனால் இழுப்பு, மூச்சுத்திணறல், நெஞ்சு இறுக்கம் எதுவுமே இல்லாமல் வறட்டு இருமல் மட்டும் வரும் குழந்தைகளில் மிகச் சிலருக்கே ஆஸ்துமா இருக்கிறது. பெரியவர்களிடம் "இருமல் வகை ஆஸ்துமா" பரவலாகப் பேசப்படுகிறது. அந்தக் கருத்தை அப்படியே குழந்தைகள்மீது ஏற்றியதால் தேவையில்லாமல் மாதக்கணக்கில் இன்ஹேலர் இழுத்த பிள்ளைகள் நிறையப் பேர்.

சந்தேகத்தைக் கூட்டும் அடையாளங்கள் இவை: இருமல் நள்ளிரவிலோ விடியற்காலையிலோ கூடுவது, ஓடினாலோ சிரித்தாலோ அழுதாலோ வருவது, கொசுவர்த்திப் புகை, சாம்பிராணி, போகிப் புகை, தீபாவளிப் பட்டாசு ஆகியவற்றால் கிளறப்படுவது, குழந்தைக்குத் தோல் கரப்பானோ ஓயாத தும்மலோ இருப்பது, தாய்க்கோ தந்தைக்கோ ஆஸ்துமா இருப்பது. தாத்தாவுக்கு இளைப்பு இருந்ததைச் சொல்ல வெட்கப்பட்டு மறைக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அந்தத் தகவல் மருத்துவருக்குக் கட்டாயம் போய்ச்சேர வேண்டும்.

ஆஸ்துமா போலத் தோன்றும் மற்றவை

1. ஈர இருமல். தினமும் சளியோடு கூடிய இருமல் 4 வாரத்துக்கு மேல் நீடித்தால், மூச்சுக்குழாயில் பாக்டீரியா தங்கிவிட்டது என்பதை முதலில் எண்ண வேண்டும். பொருத்தமான ஆன்டிபயாடிக் மருந்தை இரண்டு வாரம் முழுமையாகத் தந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். இதற்கு இன்ஹேலர் உதவாது. சிறு குழந்தைகள் சளியைத் துப்பாமல் விழுங்கிவிடுவதால், வறட்டு இருமல் என்று வீட்டில் சொல்வது பல நேரம் ஈர இருமலாக இருக்கும். மருத்துவர் ஒரு முறை குழந்தையை இருமச் சொல்லிக் கேட்பது அவசியம்.

2. காசநோய். நம் ஊரில் இதற்கு "பிரைமரி காம்ப்ளக்ஸ்" என்று பெயர். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ காய்ச்சலோ, எடை குறைவது அல்லது ஏறாமலே இருப்பது, வீட்டில் யாருக்காவது காசநோய் என்று இருந்தால் உடனே பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். எதிர்ப்பக்கத்திலும் தவறு நடக்கிறது. கையில் போடும் மான்டூ ஊசி வீங்கினால் கிருமி உடலுக்குள் எப்போதோ நுழைந்திருக்கிறது என்று மட்டுமே பொருள். நோய் இருப்பதாக ஆகாது. சளியையோ வயிற்றிலிருந்து எடுத்த நீரையோ சோதித்துக் கிருமியைக் கண்டறிய முயல வேண்டும். காசநோயைக் கண்டறிவதாகச் சொல்லி விற்கப்பட்ட, ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் பரிசோதனைகளை இந்திய அரசு 2012-இலேயே தடை செய்துவிட்டது. சரியான ஆதாரம் இல்லாமல் ஆறு மாதம் காசநோய் மாத்திரை விழுங்கும் குழந்தையின் ஆஸ்துமா அத்தனை நாளும் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது.

3. உள்ளே போன பொருள். வேர்க்கடலை, பொரிகடலை, புளியங்கொட்டை, பேனா மூடி. நன்றாக விளையாடிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று புரையேறி இருமியது, பிறகு அடங்கியது, இரண்டு வாரம் கழித்தும் இருமல் போகவில்லை என்றால் இதைச் சந்தேகிக்க வேண்டும். எக்ஸ்ரே இயல்பாகவே இருக்கலாம். இழுப்பு ஒரு பக்க நெஞ்சில் மட்டும் கேட்பது முக்கியத் துப்பு. குழாய்க் கருவியை உள்ளே செலுத்திப் பார்த்துத்தான் எடுக்க முடியும்.

4. கக்குவான். தடுப்பூசி விடுபட்ட குழந்தைக்கும், போட்டுப் பல ஆண்டுகள் ஆன வளரிளம் பிள்ளைக்கும் வரலாம். அடுக்கடுக்கான இருமல், முடிவில் வாந்தி, பல வாரம் நீடிப்பது.

5. ஈசினோபீலியா. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே இருமலுக்கு இந்தப் பெயரைச் சொல்லி வளர்ந்தது. யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவின் நுண்புழுக்களுக்கு எதிராக நுரையீரல் கொந்தளிப்பதால் வரும் உண்மையான நோய் ஒன்று உண்டு. இரவில் இருமல் கடுமையாக இருக்கும். ரத்தத்தில் ஈசினோஃபில் அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 3,000-க்கு மேல் போகும். அதற்குத் தனி மருந்து இருக்கிறது. ஆனால் குடல் புழுவாலும் அலர்ஜியாலும் இந்த அணுக்கள் ஓரளவு கூடும். எண்ணிக்கை சற்று ஏறியிருப்பதை வைத்து மட்டும் எந்த முடிவுக்கும் வர முடியாது.

6. பழக்க இருமல். பகல் முழுக்க வாத்து கத்துவதுபோலச் சத்தமாக இருமும் பிள்ளை, தூங்கியதும் ஒரு முறைகூட இருமாது. அதற்கு மருந்து தேவையில்லை. பொறுமையும் சில எளிய பயிற்சிகளும் போதும்.

பிறந்த சில நாட்களிலேயே தொடங்கிய இருமல், பால் குடிக்கும்போதெல்லாம் வரும் இருமல், ரத்தம் கலந்த சளி, விரல் நுனிகள் பருத்து உருண்டிருப்பது, வளர்ச்சி குன்றுவது ஆகிய எதுவும் ஆஸ்துமாவின் அடையாளங்கள் இல்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பரிசோதனைகள் என்ன சொல்லும்?

ஆஸ்துமா இருக்கிறது, இல்லை என்று ஒரே அடியில் சொல்லும் பரிசோதனை உலகில் எங்கும் கிடையாது. நெஞ்சு எக்ஸ்ரேயில் ஆஸ்துமா தெரியாது. மற்ற நோய்களை விலக்கவே அதை எடுக்கிறார்கள்.

5 வயது தாண்டிய பிள்ளைக்கு ஸ்பைரோமெட்ரி செய்ய முடியும். பிறந்தநாள் மெழுகுவர்த்தியை அணைப்பதுபோல ஒரு குழாயில் முழு மூச்சையும் வேகமாக ஊத வேண்டும். முதல் நொடியில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்பதைக் கருவி அளக்கும். பிறகு மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புட்டமால் மருந்தை இழுக்கச் செய்து, 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். அந்த அளவு 12 விழுக்காடோ அதற்கு மேலோ கூடினால், குழாய் இறுகியிருந்து மருந்தால் விரிந்திருக்கிறது என்று பொருள். ஆஸ்துமாவின் ஏற்ற இறக்கத்துக்கு எண்ணால் கிடைக்கும் சான்று இதுதான். சோதனைக்கு 4 மணி நேரம் முன்பிருந்தே சால்புட்டமால் தரக் கூடாது. தந்துவிட்டுப் போனால் குழாய் ஏற்கெனவே விரிந்திருக்கும், வித்தியாசம் தெரியாது. நன்றாக இருக்கும் நாளில் எடுத்தாலும் முடிவு இயல்பாக வரலாம். ஒரு முறை இயல்பாக வந்ததால் ஆஸ்துமா இல்லை என்று ஆகிவிடாது.

ஸ்பைரோமெட்ரி கிடைக்காத ஊரில் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறிய கைக்கருவி கைகொடுக்கும். காலையும் மாலையும் இரண்டு வாரம் ஊதிக் குறித்துவைத்தால் ஏற்ற இறக்கம் காகிதத்தில் தெரியும். பெருநகரங்களில், வெளிவிடும் மூச்சிலுள்ள நைட்ரிக் ஆக்சைடை அளக்கும் கருவியும் இருக்கிறது. 2024 நவம்பரில் வெளியான பிரிட்டனின் புதிய வழிகாட்டுதல், 5 முதல் 16 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு இதையே முதல் பரிசோதனையாக வைக்கிறது. அறிகுறிகளும் பொருந்தி, அளவு 100 கோடியில் 35 பங்கு அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆஸ்துமா என்று உறுதி செய்யலாம் என்கிறது.

5 வயதுக்குக் கீழே ஏன் தயக்கம்?

இந்த வயதில் குழந்தையால் சரியாக ஊத முடியாது. மற்றொரு காரணம் இன்னும் முக்கியமானது. அமெரிக்காவின் டூசான் நகரில் 1980-இல் தொடங்கி, பிறந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு, 3 வயதுக்குள் இழுப்பு வந்தவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்கு 6 வயதில் இழுப்பே இல்லை என்று கண்டது. குழாய் வளர வளர, சளி பிடிக்கும்போது மட்டும் வந்த இழுப்பு நின்றுவிடுகிறது. எனவே மருத்துவர் "ஆஸ்துமாவாக இருக்கலாம், பார்ப்போம்" என்று சொன்னால் அதை மழுப்பல் என்று கொள்ள வேண்டாம். அந்த வயதில் நேர்மையான பதில் அதுதான். "பார்ப்போம்" என்பதற்கு ஒரு தேதி மட்டும் இருக்க வேண்டும்.

மருந்து கொடுத்துப் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு

கிளினிக்கில் நெபுலைசர் (மருந்தை ஆவிபோலாக்கி முகமூடி வழியே தரும் கருவி) வைத்தார்கள், இருமல் குறைந்தது, ஆகவே ஆஸ்துமா என்ற கணக்கு பல நேரம் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகிவிடுகிறது. சளி இருமல் எப்படியும் மூன்று, நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கியிருக்கும்.

சரியான முறை வேறு. குறைந்த அளவு ஸ்டீராய்டு இன்ஹேலரை ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழல்) வழியாகக் காலையும் மாலையும் தர வேண்டும். இழுப்பு வரும் சிறு குழந்தைக்கு 8 முதல் 12 வாரம். வறட்டு இருமல் மட்டும் இருந்து சந்தேகப்படும்போது 2 முதல் 4 வாரம். பிறகு நிறுத்த வேண்டும். மருந்து தந்தபோது குறைந்து, நிறுத்தியதும் திரும்பி, மறுபடி தந்ததும் குறைந்தால் ஆஸ்துமா என்பதற்கு வலுவான ஆதாரம். பலனே இல்லையென்றால் அளவைக் கூட்டக் கூடாது. நிறுத்திவிட்டு வேறு காரணத்தைத் தேட வேண்டும். நிறுத்திப் பார்க்கும் இந்தப் படியைத்தான் பெரும்பாலும் தவறவிடுகிறோம்.

பெயரைத் தவிர்ப்பதால் வரும் கேடு

பெண் குழந்தையென்றால் நாளைக்குக் கல்யாணம் தட்டிப்போகும் என்ற பயம் வரை உள்ளே புகுந்து, ஆஸ்துமா என்ற சொல்லை வீடுகள் ஒதுக்குகின்றன. மருத்துவரும் இரங்கி "லேசான வீசிங்", "அலர்ஜி" என்று எழுதிக் கொடுக்கிறார். அந்த இரக்கம் குழந்தைக்கு உதவுவதில்லை. பெயர் இல்லாததால் அழற்சியைத் தணிக்கும் தினசரி மருந்து தொடங்கப்படுவதில்லை. மாதம் ஒருமுறை நெபுலைசர், இடையில் சிரப் என்று காலம் ஓடுகிறது.

அந்தச் சிரப்பின் கணக்கையும் பார்க்க வேண்டும். 5 மில்லி சால்புட்டமால் சிரப்பில் 2 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. இன்ஹேலரை ஒரு முறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம், அதாவது இருபதில் ஒரு பங்கு. சிரப் வயிற்றுக்கும் ரத்தத்துக்கும் போய் உடல் முழுக்கச் சுற்றுகிறது. கை நடுக்கமும் படபடப்பும் அதனால்தான். இன்ஹேலர் மருந்து வேண்டிய இடத்துக்கே போகிறது. "இன்ஹேலர் கடைசி மருந்து, பழகிவிடும்" என்ற நம்பிக்கை தலைகீழானது. ஸ்டீராய்டு இன்ஹேலரால் உயரம் சற்றுக் குறையும் என்பது உண்மை; பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றில், வளர்ந்த பிறகு சராசரியாக 1.2 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தது. கட்டுக்குள் வராத ஆஸ்துமாவோடு ஒப்பிட்டால் இது ஏற்கத்தக்க விலை என்றே கருதுகிறேன். அலர்ஜிக்கும் ஆஸ்துமாவுக்கும் சர்வசாதாரணமாக எழுதப்படும் மான்டிலூகாஸ்ட் மருந்துக்கோ, மனநிலை மாற்றம், கெட்ட கனவு போன்றவற்றுக்காக 2020 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தன் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. இதைப் பெற்றோரிடம் யாரும் சொல்வதில்லை.

மருத்துவரிடம் போகும்போது

1. இரண்டு வாரக் குறிப்பு: எந்த நேரம் இருமல், இரவில் எழுந்ததா, முன்னால் என்ன செய்துகொண்டிருந்தது, என்ன மருந்து கொடுத்தீர்கள், எவ்வளவு நேரத்தில் குறைந்தது.
2. இரவில் எடுத்த வீடியோ.
3. பழைய மருந்துச் சீட்டுகள் எல்லாம். ஒவ்வொரு முறையும் புது மருத்துவரைப் பார்த்தால் ஏற்ற இறக்கம் யார் கண்ணிலும் படாது. ஒருவரிடமே தொடர்வது நல்லது.
4. ஒரு வேண்டுகோள்: இழுப்பு இருக்கும் நாளில் போனால், ஸ்டெதாஸ்கோப்பில் இழுப்பு கேட்டதா, நெபுலைசருக்குப் பின் குறைந்ததா என்பதைச் சீட்டில் எழுதித் தரும்படி கேளுங்கள். நாளை வேறொரு மருத்துவர் முடிவெடுக்க இந்த இரண்டு வரி போதும்.

இந்த அலைச்சலுக்கு நடுவே ஒன்றை மறக்கக் கூடாது. மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்கினாலோ, ஒரு வாக்கியம்கூட முழுதாகப் பேச முடியாமல் போனாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, குழந்தை துவண்டாலோ அது பரிசோதனைக்கான நேரம் இல்லை. 108-ஐ அழையுங்கள். இவ்வளவு நேரம் கேட்ட இழுப்பு திடீரென்று நின்றுபோய், குழந்தையும் சோர்ந்து கிடந்தால் குணமாகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூட உள்ளே காற்று போகவில்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள்.